வாங்குவது உப்பு மட்டும்

உப்பு, தீப்பெட்டி, ரப்பர் பூட்ஸ்.
இந்த மூன்றுக்கும்தான் படகேறி நகரத்துக்குப் போகிறோம்,
மற்றதெல்லாம் இங்கேயே விளைகிறது என்று
யார் வந்தாலும் பீற்றிக்கொள்வான் பௌதிலியோ.
பொய்யில்லை.
உருளைக்கிழங்கு ஏழு நிறத்தில்,
ஆப்பிள் மது இரண்டு பீப்பாய்,
செம்மறி மயிரில் நானே பின்னிய காலுறை,
சிலோயேயின் மழை, கேட்டாலும் கேட்காவிட்டாலும்.
பிறகு, பன்றி.

பன்றிக்குத் தீனியென்று காசு கொடுத்ததேயில்லை.
கடல் உள்வாங்கியதும் அவளே இறங்கிப் போவாள்.
சேற்றை மூக்கால் உழுது
மட்டி தோண்டி ஓட்டோடு நொறுக்கும் சத்தம்
சமையலறைவரை கேட்கும்.
வாயோரம் பாசி தொங்க
விருந்து முடிந்த சீமாட்டிபோலத் திரும்பி வருவாள்.
கறியில் லேசாக மீன்வாடை அடிக்கும்.
நகரத்து மருமகளுக்குப் பிடிக்காது.
பிடிக்க வேண்டாம்.

ஜூன். எங்களுக்கு அது பல் கிட்டிக்கும் மாதம்,
கறி கெடாத மாதம்.
சனிக்கிழமைக்கு நாள் குறித்தோம்.
அவன் கத்தி தீட்டினான்.
நான் கொப்பரையைக் கவிழ்த்துக் கரி சுரண்டினேன்.
பூண்டு உரித்து உரித்து விரலெல்லாம் எரிச்சல்.
வெள்ளிக்கிழமை விடிந்தபோது
பட்டியில் அவள் இல்லை.

குளம்புத் தடம் சரிவில் இறங்கி
தண்ணீர் விளிம்பில் நின்றுபோயிருந்தது.
அக்கரையில், எர்சிலியா லெவிக்கோயின் தீவில்
கரும்புள்ளி ஒன்று ஏறி உடம்பை உதறியது.
கூப்பிடு தூரம்தான்.
கூப்பிட்டு ஒரு வருடமாகிறது.

யோக்கோ என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம்.
அறுக்கிற வீடு அண்டைவீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பும்:
விலாத் துண்டு, ஒரு முழம் ரத்தக் குழல்,
கொழுப்பில் பொரித்த கிழங்கப்பம்.
வாங்கியவள் தன் வீட்டில் அறுக்கும்போது
அதே அளவு திருப்ப வேண்டும்.
எழுதி வைப்பதில்லை. மறப்பதுமில்லை.
முந்தின குளிருக்கு எர்சிலியா அனுப்பினாள்.
போன குளிருக்கு நாங்கள் அறுத்தபோது
பாசி அள்ளும் பாறை யாருடையது என்று சண்டை.
நான் அனுப்பவில்லை.
நீலப்பூ விளிம்பு போட்ட அவள் தட்டு
அலமாரியிலிருந்து என்னை
முறைத்துக்கொண்டேயிருக்கிறது.

பௌதிலியோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
துடுப்பை நான்தான் வலித்தேன்,
சொல்ல வேண்டியதையெல்லாம் பல்லுக்குள் அடுக்கியபடி.
கரையில் எர்சிலியா நின்றிருந்தாள்.
அவள் வாளியில் தலைவிட்டு
உருளைத்தோல் தின்றுகொண்டிருந்தாள் எங்களவள்.

"நூற்றிருபது கிலோ யோக்கோவா?" என்றாள் எர்சிலியா.
"ஒரு தட்டு போதுமே."

அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது.
சிரிக்கக் கூடாதென்று மூக்கைச் சிந்தினேன்.

வந்த வழியே நீந்து என்றால் கேட்கிற ஜென்மமா?
படகில் ஏற்றப் பார்த்தோம்.
காதைப் பிடித்து அவள், பின்னால் தள்ளி நான்.
படகுதான் கவிழ்ந்தது.
அன்றிரவு அவளுடைய அடுப்பில் என் பாவாடை காய்ந்தது.

அறுப்பு அங்கேயே.
அவள் விறகு, அவள் கொப்பரை,
அவள் மகன் எலியாசரின் கத்தி.
காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டேன்.
எப்போதும்போல முன்காலை மடக்கி
என் முழங்காலில் சாய்ந்தாள்.
எலியாசர் நல்ல கைக்காரன்.
நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்பு போதவில்லை.
படகோடு முழுகினது போக ஒரு பிடிதான் மிச்சம்.
எர்சிலியா அரைப்படி அளந்து போட்டாள்,
தலைதட்டாமல், கும்பாச்சியாக.
"தட்டு எங்கே?"
"மறந்துவிட்டேன்."
"இருக்கட்டும்."

நேற்று நில அளவைக்காரர் ஒருவர் வந்திருந்தார்.
மற்றதெல்லாம் இங்கேயே விளைகிறது என்று
ஆரம்பித்துவிட்டான் பௌதிலியோ.
நான் எழுந்துபோய்
அரைப்படி உப்பைத் தனியாக அளந்து வைத்தேன்.
கும்பாச்சி கட்டவில்லை.
மறுபடி கொட்டி, மறுபடி அளந்தேன்.